உடலைப் பற்றிப் பேசாத விளக்கப் பலகைகள்

திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையே கிடைத்த, பொன்முலாம் பூசிய தாரா தேவியின் வெண்கலச் சிலையை இலங்கையின் முன்னாள் ஆளுநர் ரொபர்ட் பிரவுன்றிக் 1830இல் பிரித்தானிய நூதனசாலைக்குக் கொடுத்தார். இடைக்கு மேல் ஆடையற்ற வழிபாட்டுச் சிலை அது. பொதுமக்கள் பார்க்கத் தகாதது என்று லண்டனில் அதைப் பல ஆண்டுகள் பூட்டிவைத்தார்கள்.

எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்ற இத்தகைய முடிவுகளைத்தான் பாலினச் செயற்பாட்டாளர்கள் கேள்விக்குள்ளாக்கினார்கள். பெர்லினில் 1985இல் தன்பாலீர்ப்பாளர் வரலாற்றுக்கென்றே ஷ்வூலஸ் மியூசியம் தொடங்கியது. தாராவை ஒளித்துவைத்த அதே நூதனசாலை, 2017இல் தன் சேகரிப்பைக் கொண்டே பால்புதுமையர் வரலாற்றுக் கண்காட்சி ஒன்றை நடத்தியது.

அத்தகைய கண்காட்சிக்குக் கொழும்பிலும் பொருளுக்குப் பஞ்சமில்லை. 1877இல் திறக்கப்பட்ட தேசிய நூதனசாலையில் பொலன்னறுவைச் சிவாலயத்துக் காரைக்கால் அம்மையார் இருக்கிறார். கணவனுக்காகச் சுமந்த அழகு இனி வேண்டாமென்று இறைவனிடம் கேட்டுப் பேயுரு பெற்றவர். வற்றிய மார்பும் துருத்திய எலும்புமாகத் தாளத்தோடு அமர்ந்திருக்கும் அந்த வெண்கலம், பெண்ணுடல் யாருக்குரியது என்று நேரடியாகவே கேட்கிறது.

சற்றுத் தள்ளி, கில்ஃபோர்ட் கிரசென்ட்டில், லயனல் வென்ட் வாழ்ந்த இடத்தில் 1953 முதல் அவர் பெயரில் கலையரங்கு இயங்குகிறது. வென்ட் (1900–1944) ஆண்களின் வெற்றுடலை வேட்கையோடு படம்பிடித்த கலைஞர். அவருடைய ஒளியமைப்பையும் நவீனத்துவத்தையும் புகழ்ந்தவர்கள் பலர் அந்த வேட்கையைச் சொல்ல நெடுங்காலம் தயங்கினார்கள். தயக்கத்துக்குப் பின்னால் சட்டமும் இருந்தது. ஆங்கிலேயர் 1883இல் கொண்டுவந்த தண்டனைச் சட்டக்கோவை தன்பால் உறவைக் குற்றமாக்கியது. 1995ஆம் ஆண்டுத் திருத்தம் பெண்களையும் அதற்குள் கொண்டுவந்தது. இக்குற்றத்தை நீக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று உயர் நீதிமன்றம் 2023இல் அறிவித்தும், அது சட்டமாகவில்லை.

கொழும்பின் வெள்ளவத்தைக்கும் இதில் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. 1929இல் சிலி நாட்டுக் கொன்சலாக வந்து அங்கே குடியிருந்த பாப்லோ நெரூடா, வென்ட்டின் நண்பர். தன் வீட்டுக் கழிவறை வாளியை அகற்ற வந்த தமிழ்ப் பெண்ணைப் பலாத்காரம் செய்ததை, 1974இல் வெளியான நினைவுக்குறிப்புகளில் அவரே விவரித்திருக்கிறார். அவளுடைய பெயர் அதில் இல்லை. சிலியில் நெரூடாவின் மூன்று வீடுகள் இன்று நூதனசாலைகள். சந்தியாகோ விமானநிலையத்துக்கு அவர் பெயரைச் சூட்டும் யோசனையை 2018இல் பெண்ணியர்கள் எதிர்த்தபோது, வெள்ளவத்தைப் பெண்ணைத்தான் காரணமாகச் சொன்னார்கள். அசோக ஹந்தகம 2021இல் அவள் கதையை ‘அல்பொராடா’ என்று படமாக்கினார்.

2019இல் கொழும்பில் தொடங்கிய நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகம் மும்மொழிகளிலும் விளக்கம் தருகிறது. ‘ஈக்குவல் கிரவுண்ட்’ அமைப்பு 2004 முதல் பால்புதுமையர் உரிமைக்காக உழைக்கிறது. இவர்களையும் சாதி, பாலினம் அறிந்த தமிழ் ஆய்வாளர்களையும் தேசிய நூதனசாலை அழைத்து, அம்மையாருக்கும் வென்ட்டுக்கும் பெயரற்ற அந்தத் தொழிலாளிக்கும் புதிய விளக்கங்களை எழுதச் சொல்லலாம். அதற்கு நாடாளுமன்ற வாக்கெடுப்பு தேவையில்லை. கொட்டாஞ்சேனையிலிருந்தும் வெள்ளவத்தையிலிருந்தும் வரும் பிள்ளைகள் அவற்றைத் தமிழிலேயே வாசிக்க வேண்டும்.