நான்காம் உலகின் எக்காளம்

எக்காளம் என்றதும் முழக்கத்தையே நாம் எதிர்பார்க்கிறோம். அமெரிக்கரான ஜான் ஹாசல், ஆங்கிலேயரான பிரையன் ஈனோவுடன் 1980-இல் வெளியிட்ட ‘நான்காம் உலகம்’ இசைத்தட்டின் முதல் தொகுதியிலோ ட்ரம்பெட் முழங்குவதில்லை. மூச்சு விடுகிறது, முனகுகிறது. ஒலிப்பது கருவியா, மனிதக் குரலா என ஐயுறுகிறோம்.

இந்த மயக்கம் வெறும் மின்னணு வித்தையன்று. ஜெர்மனியின் கொலோன் நகரில் ஸ்டாக்ஹவுசனிடம் பயின்ற ஹாசல், 1970-களில் கிரானா மரபின் பண்டிட் பிரான் நாத்திடம் மாணவராக அமர்ந்தார். மூன்று வால்வுகளால் சுரம் மாற்றும் கருவியில், சுரத்திலிருந்து சுரத்திற்கு வழுக்கிச் செல்லும் ‘மீண்ட்’ என்னும் இழைவை (நம் கமகத்திற்கு நெருங்கிய உறவு அது) எழுப்புவது எளிதன்று. உதட்டாலும் மூச்சாலும் அதனைப் பழகினார். ஹார்மனைசர் என்னும் மின்கருவி அதன் பின்னரே வருகிறது. ஊதப்படும் ஒரே வரியை அது வேறு சுருதிகளிலும் உடன் ஒலிக்கச் செய்ய, ஒருவரின் மூச்சு ஒரு குழுவின் பாடலாக விரிகிறது. குரு முன்னே, பொறி பின்னே என்னும் இவ்வரிசையை நாம் பெரிதும் மதிக்கிறோம்.

தாளத்திற்கு, செனகல் நாட்டு ஐயிப் தியெங்கும் பிரேசிலின் நானா வாஸ்கன்செலோசும் நம் கச்சேரி மேடைக்குரிய கடத்தை வாசிக்கின்றனர். இறுதியில் வரும் ‘சார்ம்’ இருபது நிமிடங்களுக்கும் மேல் நீள்கிறது. முதன்முறை கேட்டபோது பாதியிலேயே பொறுமை இழந்தோம். மறுமுறை, இரவின் அமைதியில் கேட்கையில்தான், அசையாதது போலத் தோன்றிய அந்த ஒலிமேகத்தினுள் ட்ரம்பெட் மெல்ல இடம் பெயர்வது செவிக்கு எட்டியது.

எனினும் ஒரு நெருடல். ஒரு படைப்புக்கு ‘பா-பென்செலே’ என மத்திய ஆப்பிரிக்கக் காட்டுவாழ் மக்களின் பெயரைச் சூட்டியிருக்கிறார். அம்மக்களுள் ஒருவர்கூட அதில் வாசிக்கவில்லை. தம் இசையை ஆதிகாலமும் எதிர்காலமும் இணைந்தது என்று விளக்கினார் ஹாசல். உலகின் மரபிசைகளை ஆதிகாலத்தின் பக்கம் நிறுத்துவது நியாயமா? நாகரிகமுற்ற ஒரு கலையைத்தானே அவர் பிரான் நாத்திடம் கற்றார்!

1981-இல் ஈனோ, டேவிட் பெர்னுடன் வெளியிட்ட இசைத்தட்டில் குர்ஆன் ஓதும் பதிவொன்று தாளத்தின்மேல் ஒட்டப்பட்டது. இசுலாமியரின் மறுப்புக்குப்பின் அது பிற்காலப் பதிப்புகளிலிருந்து நீக்கப்பட்டது. ‘நான்காம் உலகம்’ முதல் தொகுதியில் ஹாசல் அவ்வாறு பிறர் குரலை வெட்டி ஒட்டவில்லை. பிரான் நாத்திடம் பெற்றதைத் தம் உதட்டில் ஏற்றிக்கொண்டார். பா-பென்செலே மக்களிடமிருந்து பெற்றதற்கோ, தட்டின் மேல் ஒரு பெயரை மட்டுமே வைத்தார்.