துவர்ப்புக்கும் கசப்புக்கும் நடுவே

நாவல்பழம் தின்றபின் நாக்கு இழுத்துப் பிடிப்பது துவர்ப்பு. வேப்பங்கொழுந்து தருவது கசப்பு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாத நாக்கு இருந்தால், ஓக் மரச்சாறு மிகுதியாக இறங்கிய பர்பன் விஸ்கியை மதிப்பிடுவதில் பாதி வேலை முடிந்தது என்பேன்.

அமெரிக்கச் சட்டப்படி பர்பனின் ஊறலில் குறைந்தது 51 விழுக்காடு மக்காச்சோளம் வேண்டும். வடித்த சாராயம் உட்புறம் கருக்கிய புதிய ஓக் பீப்பாயில் கிடக்க வேண்டும். அதில் ஊற்றும்போது ஆல்கஹால் 62.5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. இவற்றில் ‘புதிய’ என்ற சொல்தான் கனமானது. ஸ்காட்லாந்தில் பர்பன் இறக்கிய பழைய பீப்பாய்களையே பெரும்பாலும் வாங்கிப் பயன்படுத்துகிறார்கள். மரத்தின் முதல் வேகம் தணிந்துவிட்டதால் அங்கே 18 ஆண்டு நிதானமான வயது. கென்டக்கியின் கோடையில், கன்னி மரத்துக்குள், அதே 18 ஆண்டு பெரும் சோதனை.

கோடையில் சாராயம் விரிந்து பலகைக்குள் புகும்; குளிரில் சுருங்கித் திரும்பும். திரும்பும்போது லிக்னின் சிதைந்து உண்டான வனிலின், சூட்டில் கருகிய மரச்சர்க்கரையின் பாகு மணம், தேங்காய் வாசம் தரும் லாக்டோன், கிராம்பை நினைவூட்டும் யூஜெனால் எல்லாம் கூடவே வரும். டானினும் வரும், துவர்ப்பு அதனுடையது. பல மாடிக் கிடங்கின் மேல்தளத்தில் வெப்பம் அதிகம், முதிர்ச்சியும் வேகம். ஆவியாகிப் போவதைத் ‘தேவதைகளின் பங்கு’ என்று தொழிலில் சொல்வார்கள். அந்தப் பங்கு கூடக் கூட, எஞ்சியதில் மரம் அடர்ந்துகொண்டே போகும்.

இந்த மரத்தை எப்படி ஆளுவது என்பதில்தான் பாணிகள் பிரிகின்றன. வைல்டு டர்க்கி ஆலையில் பீப்பாயின் உட்புறம் முதலைத்தோல் போல வெடிக்கும்வரை கருக்குவார்கள். ஆனால் 1954 முதல் அங்கே உழைத்த ஜிம்மி ரஸ்ஸல் மிக முதிர்ந்த பர்பனை விரும்பாதவர் என்பது ஊரறிந்தது: கருக்கு ஆழம், வயது அளவோடு. ஃபோர் ரோசஸ் ஒரே தளக் கிடங்கில் வைத்து வெப்ப வேறுபாட்டையே குறைத்துக்கொள்கிறது. மேக்கர்ஸ் மார்க், ரை தானியத்துக்குப் பதில் கோதுமை சேர்த்து, பீப்பாய்களை இடம் மாற்றி வைக்கிறது. வுட்ஃபோர்டு ரிசர்வின் டபுள் ஓக்டு, முதிர்ந்த சாராயத்தை நன்றாக வாட்டி லேசாகக் கருக்கிய இரண்டாவது புதுப் பீப்பாய்க்கு மாற்றுகிறது. இது வயதை நீட்டாமல் மரத்தைக் கூட்டும் வழி. பாப்பி வான் விங்கிளின் 23 ஆண்டு இன்னொரு கோடி. அதன் பெயருக்கும் விலைக்கும் தலை வணங்குகிறவர்கள் உண்டு. அந்த வயதுக்கு உயிரோடு வந்து சேரும் பீப்பாய் அரிது என்பதால் நான் எண்ணைப் பார்த்து மதிப்பெண் போட மாட்டேன்.

1897-இன் ‘பாட்டில்டு இன் பாண்ட்’ சட்டம் ஒரே ஆலை, ஒரே பருவம், குறைந்தது 4 ஆண்டு, 50 விழுக்காடு ஆல்கஹால் என்று கோடு கிழித்தது. அது கலப்படத்துக்குப் போட்ட வேலி. சுவைக்குச் சட்டம் கிடையாது. நாக்குதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

குவிந்த வாய்க் கண்ணாடிக் கோப்பையில் கொஞ்சம் ஊற்றிச் சிறிது நேரம் காத்திருங்கள். வாயைச் சற்றே திறந்துகொண்டு முகருங்கள். ஆல்கஹாலின் காட்டம் மூக்கைக் குத்தாது. முதல் மடக்கு நாக்கைப் பழக்க மட்டும். இரண்டாவதில் மக்காச்சோளத்தின் இனிப்பைத் தேடுங்கள். வனிலாவுக்கும் பாகுக்கும் அடியில் தானியம் கேட்க வேண்டும். விழுங்கியபின் கன்னத்தின் உட்புறம் பாக்கு மென்றதுபோல் இறுகினால் குறையில்லை. இனிப்பைத் தாங்கிப் பிடிக்க அந்தத் துவர்ப்பு வேண்டும். அது நாக்கின் அடியில் கசப்பாகத் திரிந்து நின்றால் மரம் மிஞ்சிவிட்டது. நாலு துளி நீர் விட்டுப் பாருங்கள்: நல்லதில் பழ வாசம் விரியும், மிஞ்சியதில் மரத்தூள் வாடை முன்னே வரும்.

குடித்து முடித்த கோப்பையை உடனே கழுவாதீர்கள். இரவு முழுக்க மேசையில் இருக்கட்டும். காலையில் எடுத்து முகர்ந்தால் ஒன்றில் காய்ச்சிய பாகும் காய்ந்த சோளத்தட்டையும் மணக்கும். இன்னொன்றில் நனைந்த கரி மட்டும் இருக்கும்.