இரு ஆட்டங்களில் எழுத்தும் மொழியும்: ‘செல்டா’ தொடரை முன்வைத்து ஓர் ஒப்பீடு

வீடியோ ஆட்டம் மொழியாய்வுக்குரிய பனுவலாகுமா என்னும் ஐயம் நம்மிடையே இன்னும் முற்றாக நீங்கவில்லை. ஆட்டத்தில் மொழி வருவது கட்டளைக்கும் அறிவிப்புக்கும் மட்டுமே என்ற எண்ணம் இதற்குக் காரணமாகலாம். ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 2017 மார்ச் 3ஆம் நாள் வெளியிட்ட ‘பிரெத் ஆஃப் த வைல்ட்’, அதன் தொடர்ச்சியாக 2023 மே 12ஆம் நாள் வெளியிட்ட ‘டியர்ஸ் ஆஃப் த கிங்டம்’ ஆகிய இரண்டும் (இனி முறையே முன்னாட்டம், பின்னாட்டம்) இவ்வெண்ணத்தை மறுக்கப் போதிய சான்று தருகின்றன. இரண்டையும் இயக்கியவர் ஹிதேமாரோ ஃபுஜிபயாஷி. ஹைரூல் என்னும் கற்பனை நாட்டில், லிங்க் என்னும் வீரனாகி, ஆட்டக்காரர் எத்திசையிலும் எவ்வரிசையிலும் செல்லலாம். பின்னாட்டம் அதே நிலப்பரப்பை வைத்துக்கொண்டு மேலே வானத்தீவுகளையும் கீழே பாதாளத்தையும் சேர்த்தது. பரப்பில் பெரியது பின்னாட்டமே. ஆயின் மொழி சார்ந்தவற்றுள் எவ்வளவை ஆட்டக்காரரே கண்டறியுமாறு விட்டுவைத்தது என்று நோக்கினால் முடிவு அவ்வளவு எளிதன்று.

முன்னாட்டத்தில் ஷீக்கா என்னும் குலத்தார் கட்டிய கோபுரங்களிலும் கோயில்களிலும் ஒருவகை எழுத்து பொறிக்கப்பட்டுள்ளது. இதனைப் படித்துச் சொல்வார் யாருமிலர். ஆட்டக்காரர் சிலர் பொறுமையாக ஒப்பிட்டு, இவை ஆங்கில நெடுங்கணக்கின் 26 எழுத்துகளுக்கு ஒன்றுக்கொன்றாக நிற்பவை என்று கண்டனர். எனவே ஷீக்கா என்பது மொழியன்று. ஆங்கிலத்துக்கு இட்ட முகமூடியே. கொல்கத்தாவிலிருந்து இதனை எழுதும்போது ஜேம்ஸ் பிரின்செப்பை நினையாதிருத்தல் அரிது. இந்நகரின் ஆசியக் கழகச் செயலாளராக இருந்த அவர், சாஞ்சி வேலித்தூண்களின் குறுங்கல்வெட்டுகள் பல ஒரே எழுத்துகளில் முடிவதைக் கண்டு, அச்சொல் ‘தானம்’ ஆகலாம் என 1837இல் ஊகித்தார். அவருக்கு வழிகாட்டியது எழுத்தின் வடிவம் மட்டுமன்று. கோயிலில் தூண் நாட்டியவர் தம் கொடையைப் பொறித்துவைப்பர் என்னும் வழக்கறிவும் ஆகும். ஷீக்கா எழுத்தைப் படிக்க அத்தகைய அறிவு வேண்டியதில்லை. எனினும் முன்னாட்டம் இதுபற்றி வாய் திறக்காமல் இருந்தது. அம்மௌனமே ஆட்டக்காரரைத் தாளும் எழுதுகோலும் எடுக்கவைத்தது.

பின்னாட்டத்தில் மொழியறிஞரே கதைமாந்தராகிறார். வானத்தீவுகளிலுள்ள கற்பலகைகளை ஆட்டக்காரர் படம் பிடித்து, ககாரிகோ ஊரில் உள்ள வோர்ட்ஸ்வொர்த் என்பவரிடம் காட்ட வேண்டும். அவர் பெயர்த்துச் சொல்வார். மொழியியல் மாணவர் எவரும் மகிழக்கூடிய ஏற்பாடு இது. ஆயினும் இங்கு ஆட்டக்காரர் கல்வெட்டின் மைப்படி எடுத்துவரும் உதவியாளர் மட்டுமே, வாசிப்பவர் வேறொருவர். அவ்வாசிப்பில் சிதைந்த வரி இல்லை, ஐயவினா இல்லை, இரு பாடம் இல்லை. கல்வெட்டுத் துறையில் சிறிது பழகியவர்க்கும் இது நம்பத்தக்கதாகத் தோன்றாது. முன்னாட்டத்தின் ஷீக்கா கோயில்கள் பின்னாட்டத்தில் ஏறக்குறையக் காரணம் கூறப்படாமலே மறைந்துவிட்டதும் ஒரு குறை.

பின்னாட்டத்தின் சிறந்த மொழிச்செயல் யாரும் விளக்காத ஓரிடத்தில் உள்ளது. பாதாளத்தின் ஒளிவேர் ஒவ்வொன்றும் அதற்கு நேர்மேலே நிலத்திலுள்ள கோயிலின் பெயரைத் தலைகீழாக்கிப் பெற்ற பெயருடையது. மேலே ‘ஜியோசின்’, கீழே ‘நிசோயிஜ்’. இதனைக் கண்டுகொண்டவர் பாதாளத்தைக் கொண்டு நிலத்தையும், நிலத்தைக் கொண்டு பாதாளத்தையும் அறியலாம். ஆங்கிலப் பதிப்பில் திரும்புவது ஒலியன்று, எழுத்தே. ‘மயாசின்’ என்னும் பெயரில் ‘ச’கரத்தைக் குறிக்கும் ஈரெழுத்துகளும் இடம் மாறி, ஒலிக்கவியலாத ஒரு கூட்டெழுத்து பிறக்கிறது.

இவ்வாட்டங்கள் எந்த இந்திய மொழியிலும் வெளிவரவில்லை. தமிழில் பெயர்ப்பதாகக் கொண்டால் இப்பெயர்கள் நல்ல சோதனையாகும். எழுத்தளவில் திருப்பும் மரபு நமக்குப் புதிதன்று. ‘விகடகவி’ சிறுவரும் அறிந்தது. மாலைமாற்று என்னும் சித்திரகவி வகையே உண்டு. ஆயின் ‘ஜியோசின்’ என்பதை எழுத்தெழுத்தாகத் திருப்பினால் ‘ன்சியோஜி’ வரும்; தனிமெய் மொழிமுதலாகாது. ஒலியொலியாகத் திருப்பினால் ஈற்றில் நிற்கும் ‘ஜ்’ உகரம் ஏற்காமல் தமிழர் நாவில் நிற்பதில்லை. இப்பெயர்களுக்குப் பொருளில்லையாதலால், கோயிலின் பெயரையே உயிரீறாக மாற்றிக்கொள்ளும் உரிமை பெயர்ப்பாளருக்கு உண்டு என்பது இக்கட்டுரையாளர் கருத்து. ‘மயாசினி’ என்றால் கீழே ‘நிசியாம’ ஆகும். மொழிமுதலில் னகரம் வாராமையின் நகரம் இடப்பட்டது. இன்றைய பேச்சில் இவ்விரண்டும் பெரும்பாலும் ஒன்றாகவே ஒலிப்பதால், கண்ணுக்குப் பிழையாவது காதுக்குப் பிழையாகாது.

முன்னாட்டத்தின் கெருடோ நாட்டுச் சொற்கள் வேறுவகைத் தொல்லை தருவன. பெண்ணைக் குறிக்கும் சொல்லைத் தமிழில் ஒலிபெயர்த்தால் ‘வை’ என்றோ ‘வாய்’ என்றோ ஆகும். இரண்டும் நம் சொற்களே.

இவற்றினும் முதன்மையானது முன்னாட்டத்தின் குறிப்பேடு. ஆட்டம் முழுவதும் லிங்க் பேசுவதில்லை. ஆனால் செய்யவேண்டிய பணிகளைக் காட்டும் குறிப்பேடு ஜப்பானியப் பதிப்பில் அவனே தன்மையிடத்தில் எழுதும் நாட்குறிப்பாக அமைந்து, அவன் உள்ளத்தையும் காட்டுகிறது. ஆங்கிலப் பதிப்பு அதனை ஆட்டக்காரரை நோக்கிய முன்னிலைக் கூற்றாக்கியது. விளைவு, அவ்வீரனுக்கு இருந்த ஒரே குரலும் போயிற்று. கொல்கத்தாவிலும் சென்னையிலும் ஆடுவோர் பெரும்பாலும் அறிந்தது இவ்வாங்கிலப் பதிப்பையே. தமிழாக்கம் ஆங்கில வழியே வருமாயின் அவ்விழப்பும் உடன்வரும். த. நா. குமாரசாமி வங்கப் புனைகதைகளை வங்கமொழியிலிருந்தே நேராகப் பெயர்த்தார். ஆட்டத்துக்கு அவ்வளவு உழைப்பு வேண்டாம் என்பவர் இக்குறிப்பேட்டை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஜப்பானிய வினை இடம் காட்டுவதில்லை. ஆங்கிலத்தில் எழுவாயைத் தவிர்த்தல் அரிது. தமிழில் எழுவாயை விடலாம், விகுதியை விடவியலாது. ‘உணர்ந்தேன்’, ‘உணர்ந்தாய்’, ‘உணர்ந்தான்’ என்பவற்றுள் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். தேர்வு தன்மையாகவே இருத்தல் தகும். ஆயினும் ஆட்டக்காரரும் அக்குரலுள் புகுமாறு சில இடங்களை நெகிழ்த்துவைக்கத் தமிழில் வழியுண்டு. ‘கோட்டையை அடைய வேண்டும்’ என்பதில் ‘வேண்டும்’ மூவிடத்துக்கும் பொது. உணர்வுகளுக்கோ நான்காம் வேற்றுமை ஏற்ற அனுபவப்பெயர் துணைநிற்கிறது. ‘அவள் முகம் நினைவுக்கு வந்தது’ என்றெழுதினால் வினை முகத்தோடு இயைகிறது. ‘எனக்கு’ என்பதும் ‘உனக்கு’ என்பதும் சொல்லப்படாமல் நிற்கின்றன.