கணக்கில் வந்த தோட்டம்

நெகிரி செம்பிலான் மாநிலத்தின் ஏழு மாவட்டங்களுள் கடலைத் தொடும் பாக்கியம் போர்ட் டிக்சன் ஒன்றுக்கே வாய்த்திருக்கிறது. சிப்பாங் ஆற்றுக்கும் லிங்கி ஆற்றுக்கும் இடையே நீளும் அந்தக் கரையோரப் பிரதேசத்திற்கு 1891இல் சிரம்பானிலிருந்து ரயில் பாதை வந்து சேர்ந்த காலந்தொட்டு, காப்பியும், காப்பிக்குப் பின் ரப்பரும், ரப்பருக்குப் பின் செம்பனையும் ஒன்றன்பின் ஒன்றாக மண்ணை ஆண்டு வந்திருக்கின்றன. 1933இல் மலாய் ரெஜிமெண்டின் முதல் அணி அங்கே பயிற்சி பெறத் தொடங்கியது. 1960களின் முற்பகுதியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள் இரண்டு எழுந்தன. பிற்பாடு தெலுக் கெமாங் கடற்கரையில் விடுதிகள் பெருகின. முக்கிம் எனப்படும் உட்பிரிவுகள் ஐந்தே கொண்ட ஒரு சிறிய மாவட்டத்தில் தோட்டமும், பாசறையும், ஆலையும், உல்லாசக் கடற்கரையும் தோளோடு தோள் உரசி நிற்க, சுவா பெத்தோங், பிராட்வால், அதர்டன் என்னும் தோட்டங்களின் பெயரைச் சுமந்து வாழும் தமிழ்க் குடும்பங்களின் நிலை யாது, அவர்கள் எத்தனை பேர், எதைக்கொண்டு ஜீவனம் நடத்துகிறார்கள் என்று ஒருவர் கேட்டால், விடை சொல்ல முன்வருவது புள்ளிவிவரத் துறை. மாவட்டந்தோறும் ஜனத்தொகை, இனம், வருமானம், பள்ளி, மருத்துவ வசதி முதலியவற்றைத் தொகுத்து ‘மை லோக்கல் ஸ்டாட்ஸ்’ என்னும் பெயரில் அது வெளியிட்டு வரும் சிறு நூல்கள் எளிதில் கிடைக்கின்றன. நாடாளுமன்றத் தொகுதி வாரியாகவும் சட்டமன்றத் தொகுதி வாரியாகவும் எண்களைக் கணினித் திரையில் காணும் வசதியும் அண்மையில் ஏற்பட்டிருக்கிறது. இந்த உள்ளூர்க் கணக்குகளை எவ்வளவு தூரம் நம்பலாம், எந்த இடத்தில் நின்று சந்தேகிக்க வேண்டும் என்பதே இங்கு ஆராயத்தக்கது.

முதலில் அவற்றின் பெருமையைச் சொல்லிவிடுவது நியாயம். மாநிலம் முழுவதற்கும் எடுத்த கணக்கு, 2020ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி ஏறத்தாழ 12 லட்சம் மக்களையும், அவர்களில் ஏழில் ஒருவர் இந்தியர் என்பதையும் நமக்குத் தெரிவிக்கிறது. ஆனால் கோலப்பிலாவின் நெல்வயலையும் ஜெலுபுவின் மலையடிவாரத்தையும் போர்ட் டிக்சனின் தோட்டப்புறத்தையும் ஒரே சராசரியில் கரைத்துவிட்ட அந்த எண்ணைக்கொண்டு எந்தக் கிராமத்தைப் பற்றியும் ஒரு முடிவுக்கு வர இயலாது. மாவட்டக் கணக்கைத் திறந்த மாத்திரத்தில், கரையோரத்தில் இந்தியரின் விகிதம் மாநில விகிதத்தை விட உயர்ந்து நிற்பதையும், அது ரப்பர் நடப்பட்ட வரலாற்றின் நேரடி விளைவு என்பதையும் காண்கிறோம். கணக்கின் எல்லை குறுகக் குறுக, காரணமும் காரியமும் ஒன்றையொன்று நெருங்கி வருகின்றன.

இதற்கு மலாயாவிலேயே ஒரு சிறந்த உதாரணம் உண்டு. 1901இல் கிள்ளானுக்கு மருத்துவராக வந்த மால்கம் வாட்சன், தோட்டத் தொழிலாளர்கள் காய்ச்சலால் கூட்டங்கூட்டமாக மடிவதைக் கண்டபோது, நாடு முழுவதற்குமான மரண விகிதத்தை வைத்துக்கொண்டு வாதிடவில்லை. தோட்டந்தோட்டமாகச் சென்று, குழந்தைகளை வரிசையில் நிறுத்தி, ஒவ்வொரு குழந்தையின் இடது விலாவுக்குக் கீழே விரல்களை வைத்து அழுத்தி, மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று பார்த்து, நூற்றுக்கு எத்தனை என்று குறித்துக்கொண்டார். தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் வாசலில் நின்று விரல் நுனியால் எடுத்த அந்தக் கணக்கு, பெரிய பட்டியல்கள் எவையும் காட்டாத ஓர் உண்மையைக் காட்டியது. கடலோரச் சமவெளியில் காட்டை அழித்து நீரை வடித்த தோட்டங்களில் மலேரியா தணிந்தது. அதே வேலையை மலைச்சரிவில் செய்த தோட்டங்களிலோ, வெயில் பட்ட தெளிந்த ஓடைகளில் வேறொரு வகை அனோபிலிஸ் கொசு முட்டையிட்டுப் பெருகியதால், காய்ச்சல் மூண்டது. இரண்டு பிரதேசங்களையும் கூட்டிச் சராசரி கண்டிருந்தால், காடழிப்பதால் நன்மையுமில்லை தீமையுமில்லை என்ற விபரீதமான முடிவே கிடைத்திருக்கும். கரையிலிருந்து சில மைல் உள்ளே சென்றதும் மேடும் குன்றுமாக நிலம் உயரும் நெகிரி செம்பிலானுக்கு இந்தப் பாடம் முழுமையாகப் பொருந்தும். வாட்சன் தமது ஆராய்ச்சியை 1911இல் நூலாக வெளியிட்டார். எண்கள் உயிர் காத்த கதைகளுள் அதனை நான் முதல் வரிசையில் வைப்பேன்.

எனினும் அவருடைய கணக்கின் சிறப்பு, அது யாருக்காக எடுக்கப்பட்டது என்பதில் அடங்கியிருக்கிறது. நோயாளியின் பொருட்டு எடுத்த கணக்கு அது. தோட்டத்தில் எழுந்த ஏனைய கணக்குகள் பெரும்பாலும் வேறொரு தேவையிலிருந்து பிறந்தவை. பொழுது புலருமுன் பெரட்டுக் களத்தில் ஆட்கள் வரிசையாக நிற்க, விளக்கு வெளிச்சத்தில் கிராணி பேர் கூப்பிட்டு அடையாளமிடும் செக்ரோல் ஏட்டை நினைத்துப் பாருங்கள். அதில் ஒரு மனிதனுக்கு ஒரு வரி; மாதத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டம்; வரியின் கடைசியில் அவன் உழைத்த நாட்களும், பெற்ற முன்பணமும், பிடித்துக்கொண்ட தொகையும், கைக்கு வரும் மிச்சமும். வேலைக்கு வந்தானா இல்லையா என்பதை அந்த ஏடு துல்லியமாக அறியும். வராதவன் ஏன் வரவில்லை என்பதற்கு அதில் கட்டம் கிடையாது. ஆயாக் கொட்டகையில் பிள்ளையை விட்டுவிட்டு நிரைக்குப் போகிறவளுக்கும் அதே ஒரு வரிதான். பிரசவத்திற்குப் பின் எத்தனையாம் நாளில் அவள் கத்தி எடுத்தாள் என்பது வருகைக் குறிகளுக்கு நடுவே வெற்றுக் கட்டங்களாக மட்டுமே எஞ்சும். தொழில் இலாகாவின் ஆண்டறிக்கைகளில் நாம் படிக்கும் தோட்டத் தொழிலாளர் தொகையெல்லாம் தோட்டத்து அலுவலகத்திலிருந்து ஏறிச் சென்றதேயாதலால், அந்த ஏடு காணாததை அறிக்கையும் காணவில்லை. நோயுற்று ஊர் திரும்பியவன் தஞ்சைச் சீமையின் ஒரு குடிசையில் உயிர் விட்டால், அவன் மரணம் எந்தத் தோட்டத்தின் மரண விகிதத்தையும் உயர்த்துவதில்லை.

1920களின் இறுதியில் வகுக்கப்பட்ட தரக்கூலியும் இவ்வகையைச் சேர்ந்ததே. அரிசி, மிளகாய், எண்ணெய், துணி என்று ஒரு தொழிலாளியின் மாதச் செலவை அட்டவணையாக்கி, அதன்மேல் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று கூலியை நிர்ணயித்தார்கள். கங்காணியின் மனப்போக்கை நம்பிக் கிடந்தவனுக்கு அச்சில் ஏறிய ஓர் எண் கிடைத்தது என்ற அளவில் அது முன்னேற்றம் என்பதை மறுக்க மாட்டேன். 1937இல் தமது அறிக்கையை அளித்த ஸ்ரீநிவாச சாஸ்திரியாரும், பொருளாதார மந்த காலத்தில் குறைக்கப்பட்ட கூலியைப் பழைய 50, 40 காசு நிலைக்கே மீட்க வேண்டும் என்று சிபாரிசு செய்தபோது, அந்த எண்ணையே ஆதாரமாகப் பற்றிக்கொண்டார். ஆனால் சராசரித் தொழிலாளி என்று ஒருவனைக் கற்பனை செய்து, அவன் உயிர் வாழ எவ்வளவு போதும் என்று கணக்கிடும் முறையில், அடித்தளமாக அமைய வேண்டிய தொகையே நடைமுறையில் உச்சவரம்பாகிவிடும் அபாயம் தொடக்கத்திலேயே குடிகொண்டிருந்தது. ஒரே மரத்தில் ஒரே கத்தியால் பால் வெட்டியவளுக்கு 10 காசு குறைத்துக் கொடுத்த அநீதிக்கும் அந்த அட்டவணையே சாட்சியாக நின்றது.

உள்ளூர்க் கணக்குகளின் குறைகளில் என் மனத்தை மிகவும் உறுத்துவது இன்னொன்று. ஒரு சமுதாயம் பெரிய மாறுதலுக்கு உள்ளாகும் வேளையில்தான் அது பட்டியலைவிட்டு நழுவிப் போகிறது. குடிமதிப்பாளர் வகுத்துக்கொண்ட வகைகள் நிலையான வாழ்வுக்கு ஏற்றவை. ஒரு வகையிலிருந்து மற்றொன்றுக்குத் தள்ளப்படுகிறவன் இரண்டிலும் தென்படாமல் போகிறான். 1950களில் நிகழ்ந்த தோட்டத் துண்டாடலை இதற்கு எடுத்துக்காட்டலாம். ரப்பர்ப் புள்ளிவிவரங்களில் ஓர் உரிமையாளரிடம் 100 ஏக்கருக்குக் குறையாமல் இருந்தால்தான் அது தோட்டம்; குறைந்தால் சிறு தோட்டம், அதாவது வேறு பட்டியல். ஐரோப்பியக் கம்பெனிகள் விற்றுவிட்டுப் போன நிலத்தை வாங்கியவர்கள் சிறு சிறு துண்டுகளாக்கி மறு விற்பனை செய்தபோது, லயத்தையும் பள்ளியையும் ஆஸ்பத்திரியையும் ஒருசேர இழந்த தொழிலாளி, தோட்டத் தொழிலாளர் கணக்கிலிருந்தும் அதே கணத்தில் நீங்கினான். எஞ்சிய தோட்டங்களின் சராசரி நிலைமை காகிதத்தில் கெடவே இல்லை. மலாயாப் பல்கலைக்கழகத்துப் பொருளியல் பேராசிரியர் உங்கு அப்துல் அசீஸ், 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலைத் தனியே ஆராய்ந்து அறிக்கை எழுதவேண்டி வந்ததும், 1960இல் துன் சம்பந்தனார் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளர் பணத்தைக்கொண்டே தோட்டங்களை வாங்க முனைந்ததும், வழக்கமான பட்டியல்கள் காட்டத் தவறிய துயரத்தின் அளவைக் காட்டுகின்றன.

அதனினும் கொடியது 1931க்கும் 1947க்கும் இடைப்பட்ட மௌனம். யுத்தத்தால் 1941ஆம் ஆண்டுக் குடிமதிப்பு நடைபெறவில்லை. 1931இல் சிங்கப்பூர் உள்ளிட்ட மலாயாவில் 6,20,000க்கு மேல் இருந்த இந்தியர் தொகை 1947இல் 6,00,000க்குச் சற்றுக் கீழே இறங்கியிருந்தது. முந்திய கணக்கு எடுக்கப்பட்ட 1931 ஏப்ரல் மாதமோ, ரப்பர் விலை வீழ்ச்சியால் தொழிலாளர்கள் கப்பல் கப்பலாகத் தாயகத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டுக்கொண்டிருந்த நேரம். ஆகவே ஒப்பிடுவதற்குரிய அந்த அடிப்படை எண்ணே ஓடும் நீரில் எடுத்த அளவு. அதன் பின் 1938இல் இந்திய சர்க்கார் உதவிக் குடியேற்றத்தைத் தடுத்தது. ஜப்பானியர் காலத்தில் சயாம் மரண ரயில் பாதை வேலைக்குப் பல்லாயிரம் தமிழர் பிடித்துச் செல்லப்பட்டுத் திரும்பாமலே போயினர். பிறப்பு, திரும்பிச் செல்கை, பசி, ரயில் பாதை ஆகிய எல்லாவற்றையும் ஒரே கழித்தலில் அடக்கிக்கொண்ட எண்ணிலிருந்து, போர்ட் டிக்சன் தோட்டங்களில் எத்தனை லயங்கள் ஆளின்றிப் பூட்டிக் கிடந்தன என்பதை எக்காலத்திலும் பிரித்தெடுக்க முடியாது. ஆண், பெண் விகிதத்திலும் இதே சிக்கல் உண்டு. 1921இல் ஆயிரம் ஆண்களுக்கு ஏறத்தாழ 400 பெண்கள் என்றிருந்த இந்திய சமுதாயம் 1947இல் 600ஐத் தாண்டிவிட்டதைக் குடும்பங்கள் வேரூன்றியதற்கு அடையாளம் என்று மகிழ்வதோடு நின்றுவிடுகிறோம்; ரயில் பாதைக்குப் பெரும்பாலும் ஆண்களே போனார்கள் என்பதையும் சேர்த்தே அந்த விகிதத்தைப் படிக்க வேண்டும்.

இன்றைய கணக்குகள் நுட்பத்தில் பன்மடங்கு உயர்ந்தவை. ஆயினும் எல்லைகளின் தொல்லை தீரவில்லை. குடும்ப வருமானக் கணக்கு மலேசியக் குடிமக்களின் குடும்பங்களை மட்டுமே கருத்தில் கொள்கிறது. பழைய லயங்களிலும் தொழிலாளர் விடுதிகளிலும் தங்கிச் செம்பனைக் குலை அறுக்கும் இந்தோனேசியரும் வங்கதேசத்தவரும் அந்தச் சராசரியில் இல்லை. இம்மண்ணின் விளைச்சலில் பெரும்பகுதி அவர்கள் தோளில் ஏறித்தான் ஆலைக்குப் போகிறது. சுத்திகரிப்பு ஆலைகள் உண்டாக்கும் மதிப்பு மாநில உற்பத்தியில் பெரிதாகத் தெரியும். ஆலை வாசலிலிருந்து சில மைல் தள்ளி வாழும் தோட்டக் குடும்பத்திற்கு அதில் ஒப்பந்தத் துப்புரவு வேலைக்கு மேல் பங்குண்டா என்பதை அந்த எண் சொல்லாது. பாசறையில் தங்கியிருக்கும் இளம் வீரர்களைச் சேர்த்தால் மாவட்டத்தின் வயது அமைப்பு ஒருவிதம், நீக்கினால் வேறுவிதம். 10,000 பேருக்குக் குறையாத கட்டடப் பகுதியெல்லாம் நகரம் என்ற வரையறையால், தோட்ட வேலை போய் அருகிலுள்ள தாமானில் மலிவு வீட்டுக்குக் குடிபெயர்ந்தவர்கள், கூலியிலும் கல்வியிலும் யாதொரு மாற்றமுமின்றியே நகரவாசிகள் ஆகிவிட்டனர். தமிழர், தெலுங்கர், மலையாளி என்று காலனிய காலத்து அதிகாரிகள் பிரித்து எண்ணியதை, மாவட்ட வெளியீடுகள் இந்தியர் என்னும் ஒரே பத்தியில் அடைத்துவிடுகின்றன. சிரம்பானில் வழக்கறிஞராக இருப்பவரின் வருமானமும் சுவா பெத்தோங்கில் வெளிக்காட்டு வேலை செய்பவளின் வருமானமும் அந்தப் பத்தியில் ஒன்றையொன்று சமன் செய்துகொள்ளும்போது, தோட்டத்து வறுமை மாநிலத்தின் பார்வையிலிருந்து மறைகிறது. எந்த அதிகாரியும் மறைக்க வேண்டும் என்று எண்ணி இதைச் செய்யவில்லை. பத்தியின் அகலமே அதைச் செய்துவிடுகிறது.

இவற்றையெல்லாம் காட்டி, எண்களை ஒதுக்கிவிட்டு மனிதரோடு பேசுவோம் என்று சொல்வோர் உண்டு. 1960களில் ஒரு தோட்டத்திலேயே தங்கி ஆராய்ந்து ரவீந்திர ஜெயின் எழுதிய நூலைப் போன்ற நேர்முக ஆய்வுகள் கங்காணி உறவையும் கோயில் திருவிழாவையும் விளக்குவதில் எந்தப் பட்டியலையும் விஞ்சுகின்றன என்பது மெய்யே. ஆனால் ஒரு தோட்டத்தின் கதையை வைத்துக்கொண்டு அரசாங்கத்திடம் போய் வீடும் பள்ளியும் கேட்க முடியாது. அங்கே எண்தான் செல்லும். ஆதலால் நாம் கேட்க வேண்டியது, எண்ணைச் சரியான அளவுக்குச் சிறிதாக்கித் தரும்படி. போர்ட் டிக்சனின் ஐந்து முக்கிம்களுக்கும் இனம், வயது, தொழில் மூன்றையும் இணைத்துக் காட்டும் அட்டவணை வெளிவந்தால், தனி மனிதர் எவருடைய அந்தரங்கமும் வெளிப்படாமலே தோட்டப்புறத்தின் உருவம் ஓரளவு துலங்கும்.

அதுவரை நம் கையிலேயே இருக்கும் ஒரு சாதனத்தைப் பயன்படுத்தலாம். 1957இல் 880க்கு மேல் இருந்த தமிழ்ப் பள்ளிகள் இன்று ஏறத்தாழ 530 ஆகக் குறைந்துவிட்டன. எஞ்சியவற்றில் பல, 150 மாணவருக்கும் குறைந்த பள்ளிகள் என்ற பட்டியலில் நிற்கின்றன. தோட்டத்தின் பெயரை வாயிலில் எழுதி வைத்திருக்கும் பள்ளிக்குத் தாமானிலிருந்து வேனில் வந்து இறங்கும் பிள்ளைகளைப் போர்ட் டிக்சனில் எந்தக் காலையிலும் காணலாம். அந்தப் பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேட்டில் பிள்ளையின் பெயருக்கு நேரே பெற்றோரின் தொழிலும் முகவரியும் இருக்கும். ஓர் ஏட்டில் பால்வெட்டு, லயத்து எண். பிந்திய ஏட்டில் லாரி ஓட்டுநர், தாமான் முகவரி. துண்டாடலிலும் செம்பனை மாற்றத்திலும் பட்டியலைவிட்டு நழுவிய குடும்பம் எங்கே போயிற்று, என்ன தொழிலுக்குப் போயிற்று என்பதற்கு இதைவிட நெருக்கமான சான்று வேறெதுவும் இல்லை. பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் தலைமையாசிரியர்களும் மனம் வைத்தால், பெயர்களை நீக்கிவிட்டு, ஆண்டு, தொழில், இருப்பிடம் ஆகிய மூன்றை மட்டும் படியெடுத்துத் தொகுப்பது பெரிய செலவு பிடிக்கும் காரியமன்று. பள்ளி மூடப்படும்போதும் இடம் மாறும்போதும் முதலில் காணாமற்போவது இந்த ஏடுகளே. 2030ஆம் ஆண்டுக் குடிமதிப்பு வருமுன் இவ்வேலை முடிந்திருந்தால், அதில் வரும் மாவட்ட எண்களை எதனோடு ஒப்பிட்டுக் கேள்வி கேட்பது என்பது நமக்குத் தெரிந்திருக்கும்.