பட்டை ஏற்றிய வண்டி

பல்லடத்தில் புது பிக்கப் எடுப்பவர் முதலில் கோயிலுக்குப் போவார், அடுத்து லீஃப் ஸ்பிரிங் பட்டை கட்டும் பட்டறைக்கு. "கோழிக்குங்களா, நூலுக்குங்களா?" என்றுதான் அங்கே கேட்பார்கள். விவரமான கேள்வி. நூல் மூட்டை தாழ்வாக, அடக்கமாக உட்காரும். கறிக்கோழிக் கூண்டு கேபினுக்கு மேலே எழுந்து நிற்கும். இரண்டு கிலோ கோழி எழுநூறு என்றாலே 1,400 கிலோ. கூண்டின் எடை தனி. அதோடு இரவோடு இரவாகக் கேரளச் சந்தையைப் பிடிக்க வேண்டும்.

ஒரு மதியம் பட்டை ஏற்றும் வேலையொன்றைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஜாக்கியில் தூக்கி, யூ போல்ட்டைக் கழற்றி, துருப்பிடித்த பட்டைக் கட்டைப் பிரித்துத் தரையில் வரிசையாகப் போட்டார் பட்டறைக்காரர். ஒவ்வொன்றையும் சுத்தியலால் தட்டிக் காது கொடுத்தார். ஒரு பட்டை மட்டும் மணியடிக்காமல் 'டொக்' என்றது. சென்டர் போல்ட் துளையருகே மயிரிழை விரிசல். அதை ஒதுக்கிவிட்டுப் புதிதாக இரண்டு சேர்த்துக் கட்டினார். "இனி ஆட்டமே இருக்காதுங்க, கல்லாட்ட நிக்கும்."

முக்கால்வாசி உண்மை. பாரம் ஏறியதும் பின்பக்கம் தொங்குகிற வண்டிக்கு முன்சக்கரம் லேசாகிறது. ஸ்டீயரிங் பிடிப்பு தளர்கிறது. முகப்பு விளக்கு எதிரே வருபவர் கண்ணில் அடிக்கிறது. ஒவ்வொரு வேகத்தடையிலும் அச்சு சேஸிஸில் முட்டுகிறது. பட்டை ஏற்றினால் இவை நிஜமாகவே குறையும். வளைவில் பெட்டி சாய்வதும் கொஞ்சம் மட்டுப்படும். திருச்சி சாலையில் இரவெல்லாம் ஓட்டுகிறவரின் இடுப்புக்கு இது சின்ன விஷயமல்ல.

சிக்கல் அளவில் தொடங்குகிறது. ஐந்து பட்டையோடு அதே கனத்தில் ஒன்று சேர்த்தால் விறைப்பு சுமார் ஐந்தில் ஒரு பங்கு கூடும். ஆனால் விறைப்பு கனத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். 8 மில்லி பட்டை இருந்த இடத்தில் 10 மில்லி வந்தால், அந்தப் பட்டை மட்டும் ஏறக்குறைய இரண்டு மடங்கு விறைத்துவிடும். பழைய லாரியிலிருந்து கழற்றிய கனத்த பட்டையை வெட்டிப் போடுவது சிக்கனம்போலத் தெரிந்தாலும், கணக்கே தெரியாமல் நடக்கிற காரியம் அது. கேஸ் வைத்துச் சூடாக்கி வளைவு ஏற்றினாலோ இரும்பின் பதமே போய்விடும்.

'கல்லாட்ட நிக்கும்' என்பதில்தான் எனக்குச் சந்தேகம். வண்டி கவிழுமா என்பதைப் பெரும்பாலும் இரண்டு சக்கரங்களுக்கு இடைப்பட்ட அகலமும் பாரத்தின் உயரமும்தான் முடிவு செய்கின்றன. பட்டை அகலத்தைக் கூட்டாது. பெட்டியை ஓரிரண்டு அங்குலம் உயர்த்தவே செய்யும். மெத்தென்ற வண்டி வளைவில் சாய்ந்து ஓட்டுநரை முன்கூட்டியே மிரட்டும், அவரும் வேகத்தைக் குறைப்பார். விறைத்த வண்டி அந்த மிரட்டலைக் கொடுப்பதில்லை. உள்பக்கச் சக்கரம் தரையை விட்டு எழும்பும்போதுதான் விஷயம் தெரியும்.

பிரேக்கில் நடப்பது இதைவிட மறைவானது. பல பிக்கப்களில் பின் அச்சோடு ஒரு கம்பி வழியே இணைந்த வால்வு உண்டு. பெட்டி எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்று பார்த்து, பின்சக்கரத்துக்கு எவ்வளவு பிரேக் தருவது என்று அதுதான் அளக்கிறது. பட்டைக் கட்டை விறைக்க வைத்தால், ஒன்றரை டன் ஏறிய பின்னும் வண்டி நிமிர்ந்தே நிற்கும். வால்வு அதைக் காலி வண்டி என்று எடுத்துக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். பட்டை போட்ட பட்டறையிலேயே அந்தக் கம்பியையும் கம்பெனி சொன்ன முறைப்படி சரிசெய்கிறார்களா? நான் நின்ற மதியம் அதை யாரும் தொடவில்லை.

திரும்பி வருவதும் பாதிப் பயணம்தான். காலிக் கூண்டோடு வரும் விறைத்த வண்டி ரோட்டில் குதிக்கும். மழையில் பின்பக்கம் வழுக்கும். பழைய ஷாக் அப்சார்பரால் அந்தத் துள்ளலை அடக்க முடியாது. அதை மாற்றச் சொல்பவரும் குறைவு.

ஆனாலும் இந்தப் பழக்கத்தை நான் முழுதாகக் குறை சொல்லமாட்டேன். பாரம் ஏறி அமுங்கிய பிறகு மட்டும் வேலைக்கு வருகிற ஹெல்பர் பட்டையை அளவோடு போட்டு, புது யூ போல்ட் கட்டி, சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் திரும்ப இறுக்கிக் கொடுக்கிற கைகளும் இதே ஊரில் உண்டு. என் மனக்குறை நோக்கத்தின் மேல். பாதிப் பேர் பட்டை ஏற்றுவது வண்டி அலையாமலிருக்க அல்ல, கூடுதலாக நூறு கோழி ஏற்ற. அச்சு, பேரிங், டயர், பிரேக் எல்லாம் பழைய அளவிலேயே கிடக்க, பட்டை மட்டும் வளர்கிறது. ஆர்சி புத்தகத்தில் உள்ள எடை வரம்பும் மாறுவதில்லை. 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆம் பிரிவில் அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாய் அபராதம். எடை மேடையில் ஏற்றினால்தான் அந்தக் கணக்கு வெளிவரும். வெறும் கண்ணால் பார்க்கிற அதிகாரிக்கு, தொங்காத வண்டி ஒழுங்கான வண்டி.

அன்று வேலை முடிந்ததும் உரிமையாளர் வண்டியைச் சுற்றி வந்து, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே கையை விட்டுப் பார்த்தார். ஒரு சாண் இடைவெளி. "இன்னொன்னு சேத்திக்கலாமுங்களா?" என்றார். பட்டறைக்காரர் துணியில் கையைத் துடைத்தபடி, "மொதல்ல கூண்டுல மேல் அடுக்க எறக்குங்க" என்றார்.