ஒரு வருஷ ஆயுளின் விலை

வளர்ச்சி என்னும் சொல்லாடலுக்குள் 1990இல் மனித மேம்பாட்டுக் குறியீடு நுழைந்தபோது, தலா வருமானம் என்ற ஒற்றை எண்ணின் அதிகாரம் உடைந்தது என்னவோ நிஜம். மஹ்பூப் உல் ஹக் ஆயுளையும் கல்வியையும் கணக்கில் சேர்த்தார். ஆனால் ஆயுளையும் காசையும் ஒரே தராசில் வைத்தால் பேரமும் கூடவே வந்துவிடும் என்கிறேன் நான். 2010இல் மூன்று எண்களையும் கூட்டுவதை விட்டுப் பெருக்க ஆரம்பித்தார்கள். பெருக்கலில், அடிமட்டத்தில் கிடக்கும் எண் சற்று ஏறினாலே மொத்தமும் ஏறும். அதாவது ஏழை நாட்டில் சராசரி ஆயுள் ஒரு வருஷம் குறையட்டும், வருமானம் துளி கூடினால் போதும், குறியீடு இறங்காது. பணக்கார நாட்டில் அதே ஒரு வருஷத்தை ஈடுகட்டக் கொள்ளைப் பணம் வேணும். இதை அம்பலப்படுத்தியவர் அப்போது உலக வங்கியில் இருந்த மார்ட்டின் ரவல்லியன்! (நம்மாட்கள் தரவரிசையை மேற்கோள் காட்டுவதோடு சரி.) 2010 பட்டியலின் 169 நாடுகளில் முதலிடம் நார்வே, கடைசி ஜிம்பாப்வே. ஜிம்பாப்வேக்காரரின் ஒரு வருஷம் இவ்வளவு மலிவு என்று யாரைக் கேட்டு முடிவு செய்தார்கள்?