நுரையீரலில் ஒரு புள்ளி: ஸ்கேன் அறிக்கை சொல்வதும் சொல்லாததும்

நூல்களுக்கு மதிப்புரை எழுதுவது வழக்கம். இம்முறை நான் மதிப்பிட எடுத்துக்கொண்டிருப்பது நூல் அன்று. ஒரே ஒரு தாள். அதில் அச்சாகியிருப்பவை பதினான்கு வரிகள். எழுதியவர் ஒரு கதிரியல் மருத்துவர். அது போய்ச் சேர்ந்தது கோச்சடையில் எங்கள் தெருவில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளி ஒருவரின் வீட்டுக்கு. அவருக்கு வயது 64. அந்தத் தாள் வந்த நாள் முதல் மூன்று இரவுகள் அவ்வீட்டில் எவரும் சரியாக உறங்கவில்லை. பதினான்கு வரிகள் ஒரு குடும்பத்தை இவ்வாறு ஆட்டிவைக்குமானால், அவ்வரிகளை ஆராய்வது நம் கடமை அல்லவா?

நாள்பட்ட இருமலுக்காக அவரை நெஞ்சு ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருந்தார்கள். நகரில் ஒரு ஸ்கேன் நிலையத்தில் எடுத்து முடித்து, பெரிய உறையோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டுக்கு வந்தார்.

“வாத்தியார் தம்பி, இதுல என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. மகனைக் கேட்டா ஒண்ணுமில்லைங்கிறான். மருமக அடுப்படியில நின்னு அழுகுது. நான் எதைத்தான் நம்புறது?”

“ஐயா, நான் டாக்டர் இல்லை. இதில் இருக்கிற அளவு என்னவென்று மட்டும்தான் எனக்குச் சொல்லத் தெரியும்” என்று கூறிவிட்டுத் தாளைப் படித்தேன். ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்த அதன் சாரம் இதுதான்: ‘வலது நுரையீரலின் மேல் மடலில் 7 மி.மீ. அளவுள்ள திண்ணிய நாட்யூல் ஒன்று காணப்படுகிறது. க்ளினிக்கல் கோரிலேஷன் தேவை.’ மற்றப் பதினொரு வரிகளும் இதயம், மூச்சுக்குழல், நுரையீரல் உறை ஆகிய யாவும் நன்றாக இருப்பதைத் தெரிவித்தன. அந்தப் பதினொரு வரிகளை அவ்வீட்டில் எவரும் படிக்கவில்லை.

சொல்லின் குற்றம்

முதலில் சொற்களைப் பார்ப்போம். ‘நாட்யூல்’ என்பது ஒரு நோயின் பெயர் அன்று. நுரையீரலில் 3 செ.மீ.க்கு மேற்படாத, ஏறத்தாழ உருண்டையான எந்த நிழலுக்கும் அதுவே பெயர். சிறு முடிச்சு என்று தமிழில் சொல்லலாம். அது பழைய காசநோயின் தழும்பாக இருக்கலாம். பூஞ்சைத் தொற்றின் சுவடாக இருக்கலாம். தீங்கற்ற கட்டியாக இருக்கலாம். புற்றுநோயின் தொடக்கமாகவும் இருக்கலாம். ஆனால் ஊரார் வாயில் அது ‘கட்டி’ ஆகிறது. கட்டி உடனே ‘கேன்சர்’ ஆகிறது.

இதற்கு ஊராரை மட்டும் குறை கூறிப் பயனில்லை. புற்றுநோயைப் பற்றி நாம் பெரும்பாலும் திரையரங்கில்தான் கற்றோம். 1962ஆம் ஆண்டு ஸ்ரீதரின் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ படத்தில் நோயாளி அறுவை சிகிச்சையால் பிழைக்கிறார். மருத்துவர் உயிர் விடுகிறார். 1982ஆம் ஆண்டு ‘வாழ்வே மாயம்’ படத்தில் கதாநாயகன் மடிகிறான். அற்புதம் அல்லது மரணம் என்னும் இரண்டு முடிவுகளே நமக்குக் காட்டப்பட்டன. ‘ஆறு மாதம் கழித்து மறுபடியும் அளந்து பார்ப்போம்’ என்னும் காட்சியை யாரும் எடுக்கவில்லை. உண்மையில் பெரும்பாலோருக்கு நேர்வது அந்தக் காட்சிதான்.

‘க்ளினிக்கல் கோரிலேஷன்’ என்னும் தொடர், ‘நோயாளியின் வயது, பழக்கம், அறிகுறி, முந்தைய நோய்கள் ஆகியவற்றோடு இதைச் சேர்த்துப் பார்க்கவும்’ என்று மருத்துவருக்குச் சொல்லும் குறிப்பு. பெரியவரின் மகன் அதை ‘ஏதோ ஒரு பெரிய டெஸ்ட்’ என்று நினைத்து, அது எங்கே எடுப்பார்கள் என்று இரண்டு இடங்களில் விசாரித்திருக்கிறார்!

எண்ணின் குற்றம்

அடுத்து எண். 7 மி.மீ. என்பது பெரிதா, சிறிதா? அறிக்கையில் அதற்கு விடை இல்லை. அளவுகோல் இல்லாத எண் அச்சத்தை மட்டுமே தரும்.

அளவுகோல் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் 2002இல் தொடங்கி 2011இல் முடிவு வெளியான பெரிய ஆய்வொன்றில், நெடுங்காலம் கடுமையாகப் புகைபிடித்த, 55 முதல் 74 வயது வரையிலான 53,454 பேர் பங்குகொண்டனர். அவர்களுள் ஒரு பாதியினருக்கு ஆண்டுக்கு ஒருமுறையாக மூன்று முறை குறைந்த கதிர்வீச்சு கொண்ட சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்டது. மற்றப் பாதியினருக்குச் சாதாரண எக்ஸ் கதிர்ப் படம். 4 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட முடிச்சைச் சந்தேகத்துக்குரியதாகக் கொண்டனர். நூறு ஸ்கேன்களில் ஏறத்தாழ 24இல் சந்தேகப் புள்ளி தென்பட்டது. அந்த 24இல் புற்றுநோயாக முடிந்தது ஒன்றுக்கும் குறைவு! சந்தேகத்துக்குரியவை என்று சொல்லப்பட்டவற்றுள் 96.4 விழுக்காடு புற்றுநோய் அல்ல.

ஆனால், அன்பரே, இத்துடன் நிம்மதியாகப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். அதே ஆய்வில், ஸ்கேன் எடுத்துக்கொண்டவர்களிடையே நுரையீரல் புற்றுநோயால் நேர்ந்த மரணம் 20 விழுக்காடு குறைந்தது. புள்ளிகளுள் மிகப் பல தீங்கற்றவை. தீங்குள்ள சிலவற்றை விடாமல் பின்தொடர்ந்தால் உயிர் காக்கலாம். இவ்விரண்டு உண்மைகளையும் சேர்த்தே கொள்ள வேண்டும்.

காத்திருப்பதும் ஓர் அளவுகோலே

பெரியவரின் மருத்துவர், ஆறு மாதம் கழித்து மறுபடியும் ஸ்கேன் எடுக்கலாம் என்றார். வீட்டிலுள்ளோர்க்கு இது பெருங்கோபத்தை உண்டாக்கியது. ‘ஆறு மாதம் சும்மா இருந்தால் முற்றிவிடாதா?’ என்றார் மகன். இங்கேதான் இயற்பியல் உதவுகிறது. நீங்களும் ஒரு தாளை எடுத்துக் கணக்கிட்டுப் பாருங்கள்.

கோளத்தின் கன அளவு விட்டத்தின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் மாறும். ஆகவே கன அளவு இரட்டிக்கும்போது விட்டம் 1.26 மடங்கே ஆகும். 7 மி.மீ. முடிச்சு இரட்டித்தால் 14 மி.மீ. ஆவதில்லை, ஏறத்தாழ 8.8 மி.மீ.தான் ஆகும். திண்ணிய நுரையீரல் புற்றுக்கட்டிகளுள் பெரும்பாலானவை இரட்டிப்பதற்கு ஏறத்தாழ ஒரு மாதத்திலிருந்து 400 நாட்கள் வரை எடுத்துக்கொள்கின்றன. எடுத்துக்காட்டாக 100 நாட்களில் இரட்டிக்கும் கட்டியைக் கொள்வோம். இரண்டு வாரம் கழித்து அளந்தால் 7 மி.மீ. என்பது 7.2 மி.மீ. ஆகியிருக்கும். இரண்டு மில்லிமீட்டருக்குக் குறைந்த மாற்றத்தை வளர்ச்சி என்று உறுதியாகக் கொள்வதில்லை. அது அளவீட்டுப் பிழைக்குள் அடங்கிவிடும். ஆறு மாதம் கழித்து அளந்தாலோ அதே கட்டி 10 மி.மீ.ஐத் தாண்டி நிற்கும். அப்போது ஐயத்துக்கு இடமில்லை.

மெதுவாக, 400 நாட்களில் இரட்டிக்கும் கட்டியும் இரண்டாண்டில் அதே 10 மி.மீ.ஐத் தாண்டிவிடும். இரண்டாண்டு மாறாமலிருக்கும் திண்ணிய முடிச்சைத் தீங்கற்றதாகக் கொள்வதற்குக் காரணம் இதுவே. மங்கிய கண்ணாடி போலத் தோன்றும் முடிச்சுகள் மட்டும் இன்னும் மெதுவாக வளர்பவை. அவற்றை ஐந்தாண்டு வரை கவனிப்பார்கள்.

ஃபிளைஷ்னர் சங்கம் என்னும் பன்னாட்டு மருத்துவர் அமைப்பு 2017இல் வெளியிட்ட நெறிகளும் இந்தக் கணக்கையே தழுவியவை. 35 வயதுக்கு மேற்பட்ட, முன்பு புற்றுநோய் இல்லாத, நோய் எதிர்ப்பாற்றல் குன்றாதவர்களுக்கு, எதிர்பாராமல் தென்படும் ஒற்றைத் திண்ணிய முடிச்சு 6 மி.மீ.க்குக் குறைவானால், புகைபிடித்தல் முதலிய அபாயம் அற்றவர்களுக்கு மறுபடம் தேவையில்லை. 6 முதல் 8 மி.மீ. வரை என்றால் 6 முதல் 12 மாதங்களில் மறுபடம். 8 மி.மீ.க்கு மேற்பட்டால் மூன்று மாதத்தில் மறுபடம், பெட் ஸ்கேன், திசுச் சோதனை ஆகியவற்றுள் தக்கதை எண்ணிப் பார்க்க வேண்டும். பெரியவர் முப்பதாண்டுகள் பீடி பிடித்தவர். 7 மி.மீ. முடிச்சுக்கு ஆறு மாதம் என்றது சரியான முடிவே. மருத்துவர் அவரைக் கைவிடவில்லை. காலத்தைக் கொண்டு அளக்கிறார். அறிக்கையோ அவரோ இதை இரண்டு வாக்கியங்களில் சொல்லியிருந்தால் மூன்று இரவுகள் மிஞ்சியிருக்கும்.

விடுபட்டவை

அறிக்கையில் விடுபட்டவை மூன்று. ஒன்று, எத்தனை மில்லிமீட்டர் தடிமனில் நுரையீரல் வெட்டுப் பார்க்கப்பட்டது என்பது. ரொட்டியைத் தடித்த துண்டுகளாக வெட்டினால் உள்ளிருக்கும் திராட்சையின் அளவு சரியாகத் தெரியாது. 5 மி.மீ. துண்டில் ஒருமுறையும் 1 மி.மீ. துண்டில் மறுமுறையும் அளந்துவிட்டு வளர்ந்தது, தேய்ந்தது என்று கூறலாகாது.

இரண்டு, அடர்த்தி. ஹவுன்ஸ்ஃபீல்டு என்னும் பொறியாளர் உருவாக்கிய கருவியால் 1971இல் லண்டனில் முதல் நோயாளிக்கு சி.டி. படம் எடுக்கப்பட்டது. அவரும் இயற்பியலாளர் கார்மாக்கும் 1979இல் நோபல் பரிசு பெற்றனர். அவர் பெயரால் வழங்கும் அளவையில் நீர் 0, காற்று –1000, சுண்ணாம்புச் சத்து ஏறிய பொருள் சில நூறு. முடிச்சு முழுவதும் சுண்ணாம்பு ஏறியிருந்தால் அது பெரும்பாலும் ஆறிப்போன பழைய புண்ணே.

மூன்று, பழைய படம். இதுவே மிகப் பெரிய குறை. ‘முன்பு எடுத்த படம் இருக்கிறதா?’ என்று யாரும் பெரியவரைக் கேட்கவில்லை. நான் கேட்டேன். கொரோனா இரண்டாம் அலையின்போது, 2021 மே மாதம், அவருக்கு நெஞ்சு ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். அது பீரோவின் அடியில் சேலைகளுக்குக் கீழே கிடந்தது.

எதிர்த்திசைப் பிழை

நம் நாட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் இந்தியர். மருந்து கொண்டு வீட்டிலிருந்தே காசநோயைக் குணப்படுத்தலாம் என்று 1956இல் சென்னையில் தொடங்கிய ஆய்வுதான் உலகுக்கு மெய்ப்பித்தது. அவ்வாறு பிழைத்தவர்கள் பலரின் நுரையீரலில் தழும்பு இருக்கும். புற்றணுவைப் போலவே காசநோய்ப் புண்ணும் சர்க்கரையை மிகுதியாக உண்பதால், பெட் ஸ்கேனிலும் இரண்டும் ஒளிரக் கூடும்.

இதனால் எதிர்த்திசையிலும் பிழை நேர்கிறது. எங்கள் பகுதியிலேயே மற்றொருவருக்கு நெஞ்சில் நிழல் தெரிந்தது. சளியில் கிருமி காணப்படாமலே, ‘டி.பி.யாகத்தான் இருக்கும்’ என்று ஓரிடத்தில் நான்கு மாதம் மாத்திரை கொடுத்தார்கள். நிழல் வளர்ந்தது. திசுச் சோதனை செய்தபோது காலம் கடந்துவிட்டது. அவர் இன்று இல்லை. ‘எல்லாம் கேன்சர்’ என்னும் அச்சமும் ‘எல்லாம் டி.பி.’ என்னும் மெத்தனமும் அளக்காமல் தீர்ப்புக் கூறுவதால் வரும் ஒரே பிழையின் இரு முகங்களே.

ஒரு மறுப்பும் ஒரு மாதிரியும்

‘அறிக்கை ஒரு மருத்துவர் மற்றொரு மருத்துவருக்கு எழுதும் மடல், நோயாளிக்காக எழுதப்பட்டதன்று’ என்று கதிரியல் மருத்துவர்கள் கூறக் கூடும். நியாயந்தான். ஒரு நாளில் எத்தனையோ படங்களைப் பார்க்கும் அவர்கள் பணியை நான் குறைத்துக் கூறவில்லை. ஆனால் மடலை நோயாளியின் கையில் அல்லவா கொடுக்கிறோம்? அவர் மருத்துவரைக் காண்பதற்குள் ஒரு வாரம் சென்றுவிடுகிறது. ஆகவே அறிக்கையின் அடியில் தமிழில் சில வரிகள் சேர்க்கலாம். இதோ ஒரு மாதிரி:

‘உங்கள் வலது நுரையீரலின் மேற்பகுதியில் 7 மி.மீ. அளவில் ஒரு சிறு முடிச்சு உள்ளது. இத்தகையவை பெரும்பாலும் தீங்கற்றவை. சில மட்டும் புற்றுநோயின் தொடக்கமாக இருக்கலாம். இந்த ஒரு படத்தைக் கொண்டு எதுவென்று கூற இயலாது. பழைய படங்கள் இருந்தால் அவற்றோடு மருத்துவரைக் காணுங்கள். அவர் குறிக்கும் நாளில் மறுபடம் எடுக்கத் தவறாதீர்கள். சளியில் இரத்தம், எடைக் குறைவு, குரல் கம்மல் இருந்தால் அந்த நாள் வரை காத்திராதீர்கள். புகைப்பதை இன்றே நிறுத்துங்கள்.’

இதை அச்சிட ஒரு தாளில் கால் பக்கம் போதும்.

பெரியவரின் பழைய படத்தை மருத்துவர் புதியதோடு ஒப்பிட்டார். அதே இடத்தில், அதே அளவில், அந்தப் புள்ளி 2021இலேயே இருந்தது. அன்று எவர் கண்ணிலும் படவில்லை. மூன்றாண்டுக்கு மேல் மாறாத புள்ளிக்கு அஞ்ச வேண்டியதில்லை என்றார் மருத்துவர். இருமலுக்குப் பீடியே காரணம் என்று கண்டித்தும் அனுப்பினார்.

வாசகர்களே, உங்கள் வீட்டிலும் பழைய படங்கள் கிடக்கும். கிரகணம் பார்ப்பதற்கென்று அவற்றை எடுத்துப் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள்; அது கண்ணுக்குக் கேடு. ஒவ்வொன்றிலும் எடுத்த தேதியை எழுதி ஒரே உறையில் பத்திரப்படுத்துங்கள். இன்று எடுக்கும் படத்துக்குப் பொருள் சொல்ல நேற்றைய படம் வேண்டும்.